பூ கீழே வர ஒரு நிமிஷம்

இப்படி உக்காருங்க தம்பி. சன்னலோரம் நீங்களே எடுத்துக்குங்க, எனக்கு வேண்டாம். மலை ஏறயில வெளிய பாத்தா எனக்குத் தலை சுத்தும். பையை மேல வெக்க வேண்டாமுங்க, மடியிலயே இருக்கட்டும். உள்ள ஒரு நோட்டு இருக்குது, கசங்கக் கூடாது. தண்ணி வேணுங்களா? எங்க கெணத்துத் தண்ணி. எங்க போனாலும் இந்தப் பாட்டில்ல ரொப்பி எடுத்துட்டுப் போயிருவேன். வெளிய ஒரு எடத்துல வாய் வெக்கறதில்ல. பழக்கம் அப்படி.

நீங்க எங்க எறங்கறீங்க? கடைசி ஸ்டாப்பா? எனக்கும் டிக்கெட் அதுவரைக்குந்தான். ஆனா எறங்க வேண்டிய எடம் அதில்லீங்க. சின்னாத்துப் பாலம்னு நடுவால ஒண்ணு வரும். ஒரு பள்ளிக்கூடம், ஒரு டீக்கடை, பத்து வீடு. அங்க எறங்கோணும். எறங்கோணும் எறங்கோணும்னு இது ஏழாவது சனிக்கிழமை. கண்டக்டர் இப்பெல்லாம் எங்கீன்னே கேக்கறதில்ல, கடைசி ஸ்டாப்புக்குக் கிழிச்சுக் கையில குடுத்துர்றான். போய்ச் சேந்து, பஸ்ஸு திரும்பற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்துட்டு, அதே பஸ்ஸுல ஊட்டுக்கு.

சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவால்ல, நெறையப் பேரு சிரிச்சாச்சு. எனக்குக் கருக்கம்பாளையம். ஊருச் சுத்தியும் காத்தாடியா நிக்கும், கரண்டு எடுக்கற காத்தாடி. பேரு சென்னியப்பன். முன்னெல்லாம் தோட்டத்துச் சென்னியப்பன்னு சொல்லுவாங்க, இப்ப ஹெலிகாப்டர் சென்னியப்பன். டீக்கடைல நான் போய் நின்னாப் போதும், எவனாவது ஒருத்தன் கைய மேல தூக்கி விசுக்கு விசுக்குன்னு சுத்துவான். இதெல்லாம் ஒரு பொழப்பான்னு இருக்குதுங்க.

போன ஆனி மாசம் எங்க மாரியம்மனுக்குக் கும்பாபிசேகம். பதினாலு வருசம் கழிச்சு. இந்தக் காலத்துல கும்பாபிசேகம்னா ஹெலிகாப்டர்ல பூ தூவறது ஒரு வழக்கமாயிருச்சே, பக்கத்தூருக்காரன் ரெண்டு வருசத்துக்கு முந்தியே தூவீட்டான். நாம தூவாம இருந்தா நல்லாருக்குமா? பூ என்ற பொறுப்புன்னு கமிட்டில நானே எந்திரிச்சுச் சொன்னேன். ஹெலிகாப்டர் வாடகையும் என்னுதே. அதுக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு கேட்டேன், மேல ஏறிப் பூத் தூவறது நானாத்தான் இருக்கோணும். தப்பா?

ரோசாவும் செண்டுமல்லியும். காம்பு கிள்ளி, உதுத்து, இதழ் இதழாப் பன்னெண்டு மூட்டை. ஒரு மூட்டை இருவத்தஞ்சு கிலோ. நான் ஒண்ணும் வெறுங்கையோட ஏறலீங்க, ரோசனை பண்ணித்தான் ஏறினேன். கும்பாபிசேகத்துக்கு மொத நாள் காத்தால ஊருத் தண்ணி டேங்க்கு மேல ஏறி நின்னு, ஒரு தேங்காயப் போட்டுப் பாத்தேன். நேரா அடியில விழுந்துது. ஒரு எலுமிச்சம்பழம் போட்டேன். அதும் நேரா. தேங்காயே நேரா விழுதுன்னா இருவத்தஞ்சு கிலோ மூட்டைப் பூவு எங்கீங்க போயிரும்? நீங்களே சொல்லுங்க.

அன்னிக்குச் சாயந்தரம் அவன் வந்தான். அறவாழின்னு பேரு. எங்கூர் மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் வாத்தியார். எம்மவ பிரதீபாவுக்கு அவன்தான் பாடம் எடுக்கறான். அவன்னு சொன்னா எம்மவளுக்குப் பிடிக்காது, அவருன்னு சொல்லுங்கப்பான்னு கோவிச்சுக்குவா. நாக்குல வரமாட்டீங்குது, என்ன பண்றது. அவங்கப்பன் எங்க தோட்டத்துல மடை திருப்புனவன். பையன் காலனியிலயே பொறந்து, படிச்சு, எங்கயோ வேலை பாத்து, சுத்திக்கிட்டுச் சொந்த ஊருக்கே வாத்தியாரா வந்துட்டான். நல்லாச் சொல்லிக் குடுப்பான், அதை நான் இல்லீங்கல.

எங்க ஊட்டுக் கேட்டுக்கு வெளிய நின்னுட்டிருந்தான். நான் உள்ள சேர்ல உக்காந்திருந்தேன். உள்ள வாங்கன்னு நானும் சொல்லல, அவனும் கேக்கல. அதுல ஒண்ணுமில்லீங்க, அவசரமா வர்றவங்க வாசல்லதானே நின்னு பேசிட்டுப் போவாங்க. முக்கா மணி நேரம் நின்னு பேசினான். தண்ணி குடுக்கச் சொன்னேன். பேப்பர் கப்புலதான் குடுத்தாங்க, அன்னிக்குக் கும்பாபிசேக வேலையா ஆளுக நெறைய வந்துட்டிருந்தாங்க, எல்லாத்துக்கும் பேப்பர் கப்புதான். எல்லாத்துக்குமா? ஆமா, வேலையாளுக எல்லாத்துக்கும்.

என்ன சொன்னான்னு கேளுங்க. "சென்னியப்பன் சார்..." அப்படித்தான் கூப்புடுவான். அவங்கப்பன் எங்களச் சாமீன்னு கூப்பிடுவான், இவன் சார்ங்கறான். "சார், பிரதீபா சொல்லுச்சு, டேங்க்குல இருந்து தேங்காய் போட்டுப் பாத்தீங்களாமா. தேங்காய் விழற மாதிரி இதழ் விழாதுங்க சார். விழற பொருளைக் காத்து கீழ இருந்து தாங்கும். தேங்காய்க்குக் கனம் ஜாஸ்தி, காத்தால தாங்க முடியாது. இதழுக்குக் கனமே இல்ல, ஆனா அகலம் இருக்குது. கொஞ்சம் விழுந்ததுமே காத்து பிடிச்சுக்கும், அதுக்கு மேல வேகம் கூடாது, மொள்ள மொள்ளத்தான் எறங்கும்" அப்படீன்னான்.

மூட்டை இருவத்தஞ்சு கிலோ இருக்குதேன்னேன்.

"மூட்டை விழலீங்களே சார். ஒவ்வொரு இதழும் தனித்தனியாத்தானே விழுது."

அப்பறம் ஒரு கணக்குச் சொன்னான். முந்நூறு அடிக்குக் கீழ ஹெலிகாப்டர் வராது, வந்தா யாகசாலைத் தகரமெல்லாம் பறந்துரும். முந்நூறு அடியில இருந்து ஒரு இதழ் கீழ வர ஒரு நிமிசம் ஆகுமாம். ஆனி மாசத்து மேகாத்து, எங்க ஊருல எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது தம்பி, மேக்க கணவாய்ல நுழைஞ்சு வந்து வேட்டிய உருவற காத்து. அந்த ஒரு நிமிசத்துல அது பூவைக் கால் கிலோமீட்டர் கெழக்க தள்ளிட்டுப் போயிருமாம். அதனால கோயிலுக்கு மேல தூவாதீங்க, கால் கிலோமீட்டர் மேக்க, சுப்பணன் தென்னந்தோப்புக்கு மேல தூவுங்க, காத்தே கொண்டாந்து கோபுரத்துல போட்டுரும்னான்.

கோயிலுக்குத் தூவற பூவைத் தென்னந்தோப்புல தூவறதா? கேக்கறவன் என்னை என்னன்னு நெனைப்பான்? அவன் கேட்டோரம் வெச்சிருந்த மூட்டையில ஒரு கை இதழை எடுத்து, கேட்டுக்கு மேலயே கைய நீட்டி, என் பக்கம் மேல எறிஞ்சான். என் தலைக்கு மேல போனது அப்படியே நின்னு, திரும்பி, காம்பவுண்டத் தாண்டி அவன் மேலயே போய் விழுந்துது. சட்டையில, தலையில எல்லாம் பூ. தட்டிக்கிட்டே சிரிச்சான். சாமிக்கு எடுத்து வெச்ச பூவைத் தொட்டுட்டானேன்னு எனக்கு அதுதான் மனசுல நின்னுது, மத்தது எதுவும் ஏறல. அந்த மூட்டையத் தனியா எடுத்து வெக்கச் சொல்லீட்டேன்.

போகயில இன்னொண்ணும் சொன்னான். "காத்தே இல்லாத எடத்துல பாத்தீங்கன்னா சார், தேங்காயும் இதழும் ஒண்ணா விழும். ஒரே நேரத்துல வந்து தரையத் தொடும்." அதெப்படிங்க ஒண்ணா விழும்? பெருசு பெருசுதான், சிறுசு சிறுசுதான். அவனுக படிச்சா இப்படித்தான் பேசுவானுக, எல்லாமே ஒண்ணுன்னு.

கும்பாபிசேகத்தன்னிக்குக் காத்தால ஒம்பதே காலுக்கு ஏறினேன். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு. கீழ சனமுன்னா சனம், பதினஞ்சாயிரம் பேரு இருப்பாங்க. எல்லா மூஞ்சியும் மேலயே பாக்குது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. அய்யரு கலசத்துல தீர்த்தம் ஊத்தறது தெரிஞ்சுது. கோபுரத்துக்கு நேரா மேல வந்ததும் மொத மூட்டையக் கொட்டினேன்.

விழலீங்க. பூவு விழல. ஒரு செவப்புத் துணிய விரிச்ச மாதிரி அப்படியே மெதந்துச்சு. மெதந்து மெதந்து போகுது. சரி, கீழ போனா திரும்பி வந்துரும்னு ரெண்டாவது மூட்டையும் கொட்டினேன். பைலட் காதுல ஹெட்போன் மாட்டியிருக்கான், நான் கத்தறது கேக்கல. அவனுக்கு நேரம் முடியறதுக்குள்ள கொட்டோணும். என்ன பண்ணுவேன்? பதினோரு மூட்டையும் கொட்டீட்டேன். இந்தக் கையாலதான் கொட்டினேன். அது எங்க போய் விழுகுதுன்னு மேல இருந்து எனக்குப் புரியவே இல்ல. அங்கிருந்து பாத்தா எது ஊரு, எது காலனின்னே தெரியாதுங்க. எல்லாம் ஓடும் ஓலையும் மரமுமா ஒரே மாதிரிதான் இருக்குது.

எறங்கினப்பறந்தான் தெரிஞ்சுது. கோபுரத்து மேல ஒரு இதழ் இல்ல. மேல பாத்துட்டு நின்ன எங்க சனத்து வாயில ஹெலிகாப்டர் கெளப்புன மண்ணுதான் விழுந்துருக்குது. பூ அத்தனையும் காலனியில. காலனி கோயிலுக்குக் கெழக்க, சரியாக் கால் கிலோமீட்டர். அவங்க கிட்ட நாங்க கோயில் வரி வாங்கறதில்ல. உள்ள வர்ற வழக்கமும் இல்ல. அன்னிக்குத் தகராறு வேண்டாம்னு போலீசு அவங்க வீதி முக்குலயே நின்னு பாத்துக்கச் சொல்லியிருந்துச்சு. நின்னுருக்காங்க. பூ வந்து அவங்க தலையில, கூரையில, அடுப்புல கொதிச்ச கொழம்புல வரைக்கும் விழுந்துருக்குது. பொம்பளைங்க முந்தானையில புடிச்சுக் கொலவை போட்ட சத்தம் கோயில் வரைக்கும் கேட்டுச்சு. உள்ள விடாட்டி என்ன, அம்மன் எங்களைத் தேடி வந்துட்டாள்னு ஒரு கெழவி சொல்லியிருக்குது. அதை எவனோ போன்ல புடிச்சு ஊரு பூரா அனுப்பீட்டான்.

அன்னிக்கு ராத்திரி எம்மவ சிரிச்சா. சிரிச்சுட்டு ஒண்ணு சொன்னா. "காலனியக் கெழக்க வெச்சது யாருப்பா?" நம்ம பாட்டன் பூட்டன்தான், மேகாத்து நம்ம மேல பட்டுட்டு அங்க போகோணுமே தவிர அங்க பட்டுட்டு நம்ம மேல வரக்கூடாதுன்னு வெச்சாங்கன்னேன். "அப்பப் பூவையும் அவங்கதான் அனுப்பி வெச்சிருக்காங்க"ன்னா. எனக்குப் பளார்னு அறையலாம்னு வந்துது. அறையலீங்க. பொட்டப்புள்ள, அதும் ஒத்தப் புள்ள.

மறுநாள் மண்டபத்துல கூட்டம். எல்லாரும் என்னையே பாத்தாங்க. அம்மனைக் காலனிக்கு அனுப்பீட்டயே சென்னியப்பான்னு ஒருத்தன். பரிகாரம் பண்ணோணும்னு ஒருத்தன். அடுத்த கோயில் நோம்பிக்கு இவன் வீட்டுக்குப் பரிவட்டம் கெடையாதுன்னு ஒருத்தன். மூணு தலைமொறையா எங்க வீட்டுக்குக் கட்டற பரிவட்டம். அப்ப வாயில வந்துருச்சு. "அந்த வாத்தியானுக்கு முன்னாலயே தெரியும். கால் கிலோமீட்டர்னு அளவு கூடச் சொன்னான்"னு சொல்லீட்டேன்.

பொய்யா தம்பி? சொல்லுங்க. அவனுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும். அளவு சொன்னானா, இல்லையா? சொன்னான். நான் சொன்னதுல ஒரு வார்த்தை பொய்யில்ல. தோப்புக்கு மேல தூவச் சொன்னான்ங்கறதை மட்டும் சொல்லல. யாரும் கேக்கல, நான் சொல்லல.

அதுக்கப்பறம் அவங்களாத்தான் எழுதினாங்க. வாத்தியார் பைலட்டைக் கையில போட்டுக்கிட்டு விஞ்ஞானச் சதி பண்ணீட்டாரு, ஊர் அமைதி கெடுதுன்னு மனு. மொதக் கையெழுத்து நீ போடுன்னாங்க. போட்டேன். ஆவணி மாசமே அவனை மாத்தீட்டாங்க. இந்த மலைக்கு, சின்னாத்துப் பாலத்துக்கு. போறப்ப அவன் வகுப்புல கடைசிப் பாடத்த முடிச்சுட்டு, சாக்பீஸ வெச்சுட்டுப் போனானாம்.

அன்னிக்கு நிறுத்தினவதான் எம்மவ. என்கூடப் பேச்சு இல்ல. ஆறு மாசம் ஆச்சு. சோறு போடுவா, தண்ணி வெப்பா, வாய் மட்டும் தொறக்க மாட்டா. அவ அம்மாகிட்டப் பேசற சத்தம் கேட்டு நான் உள்ள போனா நின்னுரும். பொறந்ததுல இருந்து அப்பா அப்பான்னு காதத் திங்கற புள்ளைங்க. தோட்டத்துக்குப் போனா முந்நூறு கேள்வி கேக்கும். இப்ப ஊடு அப்படியே கெடக்குது. அசதியா இருக்குது தம்பி. படுத்தாலும் அசதி, எந்திரிச்சாலும் அசதி.

பொங்கலுக்கு முன்னால ஒரு நாள், ஒரே ஒரு தடவை வாயத் தொறந்தா. இந்த நோட்டைக் கொண்டாந்து வெச்சா. பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டு. பாருங்க, கை சுத்தமாங்க? பாருங்க, பரவால்ல. எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து இருக்குதா, இந்தக் கடைசிப் பக்கம் மட்டும் இல்ல. இது பள்ளிக்கூடத்து மாடியில இருந்து போட்டுப் பாத்ததாம். கல்லு ஒண்ணேகால் விநாடி. முழுச் செண்டுமல்லி ரெண்டு. இதழ் அஞ்சு விநாடி. பத்துத் தடவை போட்டு எழுதியிருக்குறா. நான் டேங்க்குல ஏறுன அதே வாரம். மாடியில நின்னு அவ போட, கீழ நின்னு அவன் நேரம் பாத்திருக்கான். அடியில முடிவுன்னு எழுதியிருக்குது பாருங்க. காற்றுத் தடை இல்லாவிட்டால் எல்லாப் பொருள்களும் ஒன்றாகவே விழும். ஏழு வாரமாப் படிக்கறேன், மனப்பாடமே ஆயிருச்சு.

"இதுல அவரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அவருகிட்ட நீங்க பண்ணுனதைச் சொல்லீட்டு வாங்க. அப்பறம் பேசறேன்" அப்படீன்னா. வேற வாத்தியார் போட்டாலும் செல்லும்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு. அவ கேக்க மாட்டீங்கறா. சனிக்கிழமை சாயந்தரம் நான் போய் நோட்டைக் குடுத்தா, கடைசிப் பக்கத்த மட்டும் தொறந்து பாப்பா. மூடி வெச்சுருவா. கோவப்படக் கூட மாட்டா. அந்த மூடற சத்தம் இருக்குதே, அதுதான் தாங்க முடியல.

உண்மையச் சொல்லிர்றேன் தம்பி. தலை சுத்துதுன்னு சன்னலோரம் வேண்டாம்னேனே, அது பொய்யி. மூணு வாரத்துக்கு முன்னால சன்னலோரத்துலதான் உக்காந்திருந்தேன். பாலத்துல பஸ்ஸு நின்னுது. கீழ அவன் நிக்கறான், கையில காய்கறிப் பை. என்னைப் பாத்துட்டான். மூஞ்சியத் திருப்பிக்குவான்னு நெனச்சேன். பக்கத்துல வந்து, "சார், நீங்களா? பிரதீபா நல்லாப் படிக்குதுங்களா?"ன்னு கேட்டான். மொதக் கேள்வியே அதுதான். "வூடு இதோ இருக்குதுங்க சார், எறங்குங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போலாம்"னான்.

நான் என்ன பண்ணுனேன் தெரியுங்களா? இந்தப் பாட்டிலத் தூக்கிக் காமிச்சேன். "தண்ணி இருக்குது"ன்னேன். அவன் பாட்டிலப் பாத்தான், என்னைப் பாத்தான். "சரிங்க சார்"னு சொல்லி ஒதுங்கிக்கிட்டான். பஸ்ஸு போயிருச்சு. நான் திட்டலீங்க, மரியாதைக் கொறைவா ஒண்ணும் சொல்லல. தண்ணி இருக்குதுன்னு உள்ளதைத்தான் சொன்னேன். ஆனா அந்த மூஞ்சி போகமாட்டீங்குது. அவன் கேட்டுக்கு வெளிய முக்கா மணி நேரம் நின்னப்பக் கூட அந்த மூஞ்சி அப்படி இல்ல.

திங்கக்கிழமை அவளுக்குப் பிராக்டிகல் பரிட்சை. இன்னிக்குக் காத்தால நோட்டை அவளே பையில வெச்சா. அவ அம்மாகிட்டச் சொல்லி விட்டிருக்குறா. இன்னிக்கும் கையெழுத்து இல்லீன்னா அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு எழுதிக்குவாளாம். அப்பறம் அப்பா எனக்காக எந்தப் பஸ்ஸும் ஏற வேண்டாம்னாளாம்.

பதினெட்டு வயசு கூட ஆகல, பேச்சைப் பாருங்க.

நான் எறங்கிருவேன் தம்பி. நோட்டை நீட்டறது பெருசில்ல. மனுவுல போட்டது தப்புன்னு சொல்றதும், பல்லைக் கடிச்சுட்டுச் சொல்லிருவேன். உள்ள வாங்க, உக்காருங்கன்னு ஒரு டம்ளர் தண்ணியக் கொண்டாந்து நீட்டுவாரு பாருங்க. அவரு சம்சாரம் கொண்டாரும். அதைக் கையில வாங்கிட்டு நான் என்ன பண்றது? அறுவது வருசமா இந்தத் தொண்டையில எறங்காதது. வேண்டாம்னு சொன்னா மறுபடியும் அதே மூஞ்சி. ஏழு வாரமா அந்த டம்ளருக்குத்தான் இந்தப் பஸ்ஸுல போய்ப் போய் வர்றேன்.

என்ன சொன்னீங்க? பாலமா? இதானா? இத்தனை சீக்கிரமாவா?

கண்டக்டர்! ஏனுங்க கண்டக்டர், விசில் ஊதீறாதீங்க, ஆள் எறங்கோணும். ஆமா, நான்தான். நான்தான் எறங்கறேன், என்ன அப்படிப் பாக்கறீங்க? வழி விடுங்கம்மா. நோட்டு, நோட்டு இருக்குது. வேட்டி மாட்டிக்கிச்சு, விடுங்க. வர்றனுங்க தம்பி.

என்ன தம்பி, சன்னல்ல இருந்து கத்தறீங்க? பாட்டிலா? சீட்டுலயா இருக்குது?

இருக்கட்டும், நீங்க குடிங்க. தண்ணி அவரு குடுக்காமயா போயிருவாரு?